"ஒன்றுமில்லை" என்று சொல்வதற்கு முன்: பொது மருத்துவர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய பொது மருத்துவர்களுக்கும் அவசர சிகிச்சைப் பிரிவு மருத்துவர்களுக்கும்,

வணக்கம்.

நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உங்கள் முன் வந்து அமர்கிறவர்களில் ஒருவராகப் பல ஆண்டுகள் இருந்திருக்கிறேன். முதன்முறை வந்தபோது எனக்கு 26 வயது. இதயம் தொண்டைவரை ஏறிவந்து அடித்தது. விரல் நுனிகள் மரத்துப்போயின. மூச்சு உள்ளே போவதாகவே தெரியவில்லை. இன்னும் சில நிமிடங்களில் இறந்துவிடுவேன் என்பதில் எனக்கு அப்போது துளியும் ஐயம் இருக்கவில்லை. ஈசிஜி எடுத்தார்கள், இரத்தம் எடுத்தார்கள். இரண்டு மணி நேரம் கழித்து ஒரு மருத்துவர் வந்து, "உங்களுக்கு ஒன்றுமில்லை, வெறும் டென்ஷன்தான், வீட்டுக்குப் போகலாம்" என்றார். அவர் அன்பாகத்தான் சொன்னார். ஆனால் அடுத்த நான்கு ஆண்டுகளில் ஏறக்குறைய அதே சொற்களை வெவ்வேறு மருத்துவர்களிடமிருந்து மேலும் ஆறு முறை கேட்டேன். எட்டாவது மருத்துவர்தான், "இதற்குப் பீதிக் கோளாறு என்று பெயர், இதற்குச் சிகிச்சை இருக்கிறது" என்றார். அந்த ஒரு வாக்கியத்துக்கு நான்கு ஆண்டுகள் ஆயின.

பீதிக் கோளாறையும் உள்ளடக்கிய பதற்றம் என்பது மெய்யாகவே ஒரு நோயா, அல்லது எவருக்கும் வரக்கூடிய கவலைக்கு இக்காலம் சூட்டிய பெயரா என்ற வாக்குவாதம் இப்போது எங்கும் நடக்கிறது. ஒரு தரப்பார் நோயுற்றவர்களை மனவலிமை இல்லாதவர்கள் என்கிறார்கள். மறு தரப்பார் ஐயம் எழுப்புகிற எவரையும் இரக்கமற்றவர் என்கிறார்கள். இதை நான் உங்களிடம் கொண்டுவருவதற்குக் காரணம், அது உண்மையில் தீர்மானிக்கப்படும் இடம் உங்கள் அறைதான் என்பதே. வெளியே இன்னும் பலர் காத்திருக்க, சில நிமிடங்களுக்குள், ஒரு மனிதரின் கோப்பில் அந்தச் சொல் எழுதப்படுகிறது அல்லது எழுதப்படாமல் போகிறது. அது நோய்தான் என்பது என் உறுதியான கருத்து. அந்தச் சொல் அளவுக்கு மீறிப் புழங்குகிறது என்பதையும் நான் மறுக்கவில்லை. இவ்விரண்டு குறைகளும் ஒரே வேரிலிருந்து முளைப்பவை என்று சொல்லத்தான் இந்த மடல்: விசாரித்து எட்ட வேண்டிய முடிவாக இருக்க வேண்டிய ஒரு சொல், விசாரணையை முடித்துக்கொள்ளும் வழியாகப் பயன்படுகிறது.

1996இல் வெளியான ஓர் ஆய்வு என் அனுபவத்தைவிட வலுவான சான்று. கனடாவின் மான்ட்ரியல் நகரில், நெஞ்சுவலியோடு அவசரப் பிரிவுக்கு வந்த 441 பேரிடம் முறையான மனநல நேர்காணல் நடத்தப்பட்டபோது, அவர்களில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கினருக்குப் பீதிக் கோளாறு இருந்தது தெரியவந்தது. அந்த நோயாளிகளில் 98 விழுக்காட்டினரிடம், அவர்களைப் பரிசோதித்த இதய மருத்துவர்கள் அதைக் கண்டறியவில்லை. அந்த மருத்துவர்களைக் கவனமற்றவர்கள் என்று நான் சொல்ல மாட்டேன். மாரடைப்பு இல்லை என்று உறுதிசெய்வது அவர்கள் கடமை, அதைச் செய்தார்கள். ஆனால் மாரடைப்பு இல்லை என்பதும் ஒன்றுமில்லை என்பதும் ஒன்றல்ல. உங்கள் வாயிலிருந்து ஆறுதலாகப் புறப்படும் அந்த "ஒன்றுமில்லை", எங்கள் காதில் "நீ உணர்ந்தது பொய்" என்றுதான் விழுகிறது. பிறகு நாங்கள் என்ன செய்கிறோம் என்பதை நீங்கள் பார்ப்பதில்லை. மாடிப்படி ஏறினால் இதயம் வேகமாக அடிக்கிறது என்பதால் படியேறுவதை நான் விட்டேன். கூட்டமான பேருந்தில் ஒருமுறை அந்தப் பீதி வந்துவிட்டதால் பேருந்தை விட்டேன். மருத்துவமனை பத்து நிமிடத் தொலைவுக்குள் இல்லாத எந்த இடத்துக்கும் போவதை விட்டேன். உடலளவில் எந்தக் குறையும் இல்லாத ஒரு மனிதரின் உலகம் நான்கு ஆண்டுகளில் இரண்டு தெருக்களாகச் சுருங்கியது.

என் அக்காவுக்கு நடந்தது இதற்கு நேர்மாறு. கைநடுக்கம், தூக்கமின்மை, ஓயாத படபடப்பு, காரணமில்லாத எரிச்சல் ஆகியவற்றோடு அவர் மருத்துவரிடம் சென்றார். அதற்குச் சில மாதங்கள் முன்புதான் அவர் வேலையை இழந்திருந்தார். அதைக் கேட்ட மாத்திரத்தில் மருத்துவர் பதற்றம் என்று எழுதி மாத்திரை கொடுத்தார். பத்து மாதங்கள் அந்த மாத்திரைகளோடு கழிந்தன. உடல் எடை குறைந்துகொண்டே வந்ததையும், எல்லோரும் போர்த்திக்கொண்டு இருக்கும்போது அவருக்கு மட்டும் வியர்த்ததையும் கவலையின் கணக்கிலேயே சேர்த்தார்கள். பிறகு வேறொரு மருத்துவர் நாடியைப் பிடித்துப் பார்த்து, கழுத்தைத் தடவிப் பார்த்து, தைராய்டு சுரப்பி மிகையாக வேலை செய்கிறது என்று ஓர் எளிய இரத்தப் பரிசோதனையில் கண்டுபிடித்தார். நான் அந்த முதல் மருத்துவர்மீது பழி சுமத்த இதை எழுதவில்லை. வேலை இழந்த ஒருவர் கலங்கியிருப்பார் என்று நினைத்ததில் தவறில்லை. அந்த நினைப்போடு நின்றுவிட்டதில்தான் தவறு.

இதுவும் ஒரு தனிமனிதக் கதை அல்ல. இதயத் துடிப்பு திடீரென்று தறிகெட்டு வேகமெடுக்கும் ஒரு வகை மின்கோளாறு உள்ள 107 நோயாளிகளைப் பற்றிய ஆய்வு ஒன்று 1997இல் வெளியானது. அவர்களில் 67 விழுக்காட்டினர், தங்கள் அறிகுறிகளை மட்டும் வைத்துப் பார்த்தால், பீதிக் கோளாறுக்கான வரையறையில் பொருந்தினர். பாதிக்கு மேற்பட்டோரின் இதயக் கோளாறு முதல் பரிசோதனையில் பிடிபடவில்லை. அப்படித் தவறவிடப்பட்டவர்களில் பாதிக்கு மேற்பட்டோரிடம், அது பீதி என்றோ பதற்றம் என்றோ மன அழுத்தம் என்றோ மருத்துவர்கள் சொல்லியிருந்தார்கள். தவறவிடப்பட்ட பெண்களில் இவ்வாறு சொல்லப்பட்டவர்களின் விகிதம், ஆண்களில் அவ்வாறு சொல்லப்பட்டவர்களின் விகிதத்தைவிட ஏறத்தாழ இரு மடங்கு. இந்த இரண்டு ஆய்வுகளையும் அருகருகே வைத்துப் பார்க்கும்படி உங்களை வேண்டுகிறேன். ஒன்றில் பதற்ற நோய் இருக்கிறது, மருத்துவர் அதைக் காணவில்லை. மற்றொன்றில் இதய நோய் இருக்கிறது, மருத்துவர் அதைப் பதற்றம் என்கிறார். ஓராண்டு இடைவெளியில் வெளிவந்த இவ்விரண்டும் ஒன்றையொன்று மறுப்பவை அல்ல. இரண்டிலும் கேட்கப்பட வேண்டிய கேள்விகள் கேட்கப்படவில்லை, அவ்வளவுதான்.

இரத்தத்திலும் படத்திலும் தெரியாத ஒன்றை நோய் என்று எப்படி ஏற்பது என்று உங்களில் சிலர் நினைக்கலாம். ஒற்றைத் தலைவலியை உறுதிசெய்யவும் இரத்தப் பரிசோதனை கிடையாது. நோயாளி சொல்வதைக் கேட்டுத்தான் அதை அறிகிறீர்கள், ஆனால் அது நோயா என்று எவரும் விவாதிப்பதில்லை. பதற்ற நோயும் நேற்று முளைத்தது அல்ல. அமெரிக்க உள்நாட்டுப் போரில் நெஞ்சுவலியும் படபடப்பும் மூச்சுத்திணறலுமாக வந்த சுமார் 300 படைவீரர்களைப் பற்றி மருத்துவர் ஜேக்கப் மெண்டெஸ் ட கோஸ்டா 1871இல் எழுதினார். அவர் அதை இதயத்தின் நோய் என்றே கருதினார். அதே காலகட்டத்தில் பெர்லினில் கார்ல் வெஸ்ட்ஃபால், திறந்த வெளியைக் கடக்க முடியாமல் தவித்த மூன்று ஆண்களைப் பற்றி எழுதினார். அவர்கள் எவரும் இக்காலத்துச் சொற்களைக் கேட்டுவிட்டு வந்தவர்கள் அல்லர். 1960களில் டொனால்ட் க்ளைன் என்ற அமெரிக்க மனநல மருத்துவர், இமிப்ரமின் என்ற மருந்து திடீர்ப் பீதித் தாக்குதல்களை அடக்குவதையும், அடுத்தது எப்போது வருமோ என்ற ஓயாத கவலையை அவ்வாறு அடக்காததையும் கவனித்தார். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு ஒரே பயமாகத் தெரியும் இரண்டு நிலைகளை ஒரு மருந்து பிரித்துக் காட்டியது. 1980இல் அமெரிக்க மனநல மருத்துவச் சங்கத்தின் கையேடு பீதிக் கோளாறையும், பலவற்றைப் பற்றியும் ஓயாமல் கவலைப்படும் பொதுப் பதற்றக் கோளாறையும் தனித்தனி நோய்களாகப் பிரித்ததற்கு இத்தகைய கவனிப்புகள் அடித்தளமாயின.

என்னை மிகவும் நெகிழச் செய்த ஆய்வு 2013இல் வெளியானது. அச்சத்தின் இருப்பிடம் என்று கருதப்பட்ட அமிக்டலா என்ற மூளைப்பகுதி இருபுறமும் சிதைந்துபோன மூவர் அதில் பங்கேற்றனர். அவர்களில் ஒரு பெண், பாம்பைக் கண்டும் கத்தியைக் கண்டும் அஞ்சாதவர் என்று பல ஆண்டுகளாக அறியப்பட்டவர். 35 விழுக்காடு கரியமில வாயு கலந்த காற்றை ஒரே ஒரு முறை உள்ளிழுக்கச் செய்தபோது, மூவருமே கடும் பீதிக்கு உள்ளானார்கள். அச்சமே அறியாத ஒருவரின் உடலுக்குள்ளும் அந்தப் பீதி இருந்திருக்கிறது என்றால், அது மனத்திட்பத்தின் குறைபாடு என்று என்னிடம் இனி யார் சொல்ல முடியும்? இரட்டையர்களைக் கொண்டு நடத்தப்பட்ட ஆய்வுகள், பதற்ற நோய்க்கு ஆளாகும் இயல்பில் ஏறத்தாழ 30 முதல் 40 விழுக்காடு மரபுவழி வருவதாகக் காட்டுகின்றன. மீதிப் பங்கு வாழ்க்கையிலிருந்து வருகிறது. இதில் எதுவும் அந்த மனிதர் தேர்ந்தெடுத்தது அல்ல.

அதே நேரத்தில், எல்லை எங்கே என்பதை மனிதர்கள்தாம் வரைகிறார்கள் என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். 1980இன் கையேட்டில், பொதுப் பதற்றக் கோளாறு என்று சொல்ல அறிகுறிகள் ஒரு மாதம் நீடித்தாலே போதுமாக இருந்தது. 1987இல் அது ஆறு மாதமாக உயர்த்தப்பட்டது. அந்த மாற்றத்தால் ஒரே நாளில் பலர் வரையறைக்கு வெளியே போனார்கள். இதைச் சுட்டிக்காட்டி, பார்த்தீர்களா, எல்லாம் கற்பனை என்பவர்களுக்கு நான் சொல்லும் பதில் இரத்த அழுத்தம். 2017இல் அமெரிக்க இதயவியல் அமைப்புகள் உயர் இரத்த அழுத்தத்துக்கான எல்லையை 140/90இலிருந்து 130/80க்கு இறக்கியபோது, அந்நாட்டில் அந்நோய் உள்ளவர்களின் பங்கு 32 விழுக்காட்டிலிருந்து 46 விழுக்காடாக ஆனது. அதனால் பக்கவாதம் பொய்யாகிவிடவில்லை. கோட்டை எங்கே போடுவது என்று தயங்குவது, கோட்டுக்கு அப்பால் ஒன்றுமில்லை என்பதாகாது.

இப்போது, அந்தச் சொல் மிகையாகப் புழங்குகிறது என்பவர்களின் வாதத்துக்கு வருகிறேன். நோயுற்றவர்களில் பலர் இதைப் பேசவே அஞ்சுகிறார்கள். பேசினால் தங்கள் நோயே மறுக்கப்பட்டுவிடும் என்று நினைக்கிறார்கள். ஆனால் இந்த வாதத்தில் உண்மை இருக்கிறது. அச்சம், கவலை, கலக்கம், தயக்கம், கூச்சம், கிலி, திகில், பீதி என்று நம் மொழி ஒவ்வொன்றுக்கும் தனிச்சொல் வைத்திருந்தது. இன்று அத்தனையையும் "ஆங்சைட்டி" என்ற ஒரே சொல் விழுங்கிக்கொண்டிருக்கிறது. தேர்வுக்கு முந்திய இரவின் கலக்கமும், மேடையேறும் கூச்சமும், கடனை எப்படி அடைப்பது என்ற கவலையும் அந்த ஒரே பெயரில் வருகின்றன. அஞ்ச வேண்டியதற்கு அஞ்சுவது அறிவுடைமை என்று கேட்டு வளர்ந்தவர்கள் நாம். அந்த அறிவுடைமையையும் நோய் என்று அழைத்தால், நோய்க்கென்று சொல் இல்லாமல் போய்விடும். தீங்கைக் குறிக்கும் உளவியல் சொற்கள் மெல்ல மெல்ல லேசானவற்றையும் உள்ளடக்கி விரிந்துவருவதை ஆஸ்திரேலிய உளவியலாளர் நிக் ஹஸ்லம் 2016இல் விளக்கினார். மனநல விழிப்புணர்வு முயற்சிகளே சிலரைத் தங்கள் இயல்பான துயரத்தை நோயாகப் படிக்கச் செய்து, அதனால் அத்துயரத்தை வளர்க்கவும் கூடும் என்ற கருதுகோளை 2023இல் லூசி ஃபோக்ஸும் ஜாக் ஆண்ட்ரூஸும் முன்வைத்தனர். இது நிறுவப்பட்ட உண்மை அல்ல, கருதுகோள்தான். ஆனால் என் நோயின் உள்ளிருந்து பார்க்கும் எனக்கு இது முற்றிலும் நம்பக்கூடியதாகவே இருக்கிறது, ஏனெனில் இந்த நோய் உண்டு வளர்வதே விலகி ஓடுவதால்தான். "எனக்குப் பதற்றம் இருக்கிறது, ஆகவே நான் போகவில்லை" என்று ஒருவர் சொல்லும்போது, அந்தப் பெயர் அவருக்கு மருந்தாகாமல் நோயின் கூட்டாளியாகிவிடுகிறது.

இந்த மிகையில் வினாத்தாள்களுக்கும் ஒரு பங்கு உண்டு. கடந்த இரண்டு வாரங்களைப் பற்றி ஏழு கேள்விகள் கேட்டு 21 மதிப்பெண்ணுக்குக் கணக்கிடும் ஜிஏடி-7 என்ற தாளை நீங்கள் நன்கு அறிவீர்கள். 2006இல் அதை உருவாக்கியவர்கள் 10 மதிப்பெண்ணை எல்லையாக வைத்து, பொதுப் பதற்றக் கோளாறு உள்ளவர்களில் 89 விழுக்காட்டினரை அது பிடிப்பதாகவும், இல்லாதவர்களில் 82 விழுக்காட்டினரைச் சரியாக விலக்குவதாகவும் கண்டனர். நல்ல தாள்தான். ஆனால் 1000 பேரிடம் அதைக் கொடுங்கள். அவர்களில் 50 பேருக்கு அந்நோய் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். நோயுள்ளவர்களில் ஏறத்தாழ 45 பேர் பிடிபடுவர். நோயில்லாத 950 பேரில் 171 பேரும் எல்லையைத் தாண்டுவர். ஆக, தாள் சுட்டிக்காட்டும் ஐவரில் ஒருவருக்குத்தான் அந்த நோய். மற்ற நால்வரில் சிலருக்கு வேறு பதற்றக் கோளாறோ மனச்சோர்வோ இருக்கலாம். சிலர் அண்மையில் ஒருவரைப் பறிகொடுத்தவர்களாக இருக்கலாம். சிலருக்குத் தைராய்டு இருக்கலாம். யாரை இன்னும் அரை மணி நேரம் உட்காரவைத்துக் கேட்க வேண்டும் என்பதை மட்டுமே அந்தத் தாள் சொல்கிறது. அந்த அரை மணி நேரத்துக்குப் பதிலாகவே தாள் நிற்கும் இடங்களில், முத்திரை மிகையாகிறது என்ற குற்றச்சாட்டு முழுக்க நியாயமானது.

மிகையைப் பற்றிக் கவலைப்படுகிறவர்கள் மறக்கக்கூடாத இன்னோர் எண்ணும் உண்டு. 2019இல் உலகில் 30.1 கோடிப் பேர் பதற்றக் கோளாறுகளோடு வாழ்ந்ததாக உலக சுகாதார அமைப்பு மதிப்பிட்டது. சிகிச்சை தேவைப்படுவோரில் ஏறத்தாழ நால்வரில் ஒருவருக்கே ஏதேனும் ஒரு சிகிச்சை கிடைப்பதாகவும் அது சொல்கிறது. முத்திரை தேவையில்லாதவர்களிடம் மலிந்தும், தேவையானவர்களுக்குக் கிடைக்காமலும் இருக்கிறது.

மாத்திரையைப் பற்றி ஒரு வார்த்தை. 1963இல் சந்தைக்கு வந்த டயசெபாம் என்ற பதற்றம் தணிக்கும் மருந்தும் அதன் குடும்பத்து மருந்துகளும் எத்தனை பேரைப் பழக்கத்தில் சிக்கவைத்தன என்பது உங்களுக்குத் தெரியும். பழக்கமாதல், நிறுத்தும்போது வரும் கடும் விளைவுகள் ஆகியவை பற்றி அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2020இல் அவற்றின்மீது மிக உயர்ந்த நிலை எச்சரிக்கையை விரிவுபடுத்தியது. "டென்ஷன்தான்" என்று சொல்லிவிட்டு அதே மூச்சில் அந்த மாத்திரையை மாதக்கணக்கில் எழுதித்தருவது எனக்கு இன்றுவரை புரியாத முரண். நோய் இல்லையென்றால் மருந்து எதற்கு? நோய் என்றால், அதன் பெயரையும், அதற்கென்று நிரூபிக்கப்பட்ட சிகிச்சைகளையும் ஏன் சொல்லவில்லை? அஞ்சுவதைப் படிப்படியாக நேருக்கு நேர் சந்திக்கப் பழக்கும் அறிதல்-நடத்தைச் சிகிச்சை என்னை மீட்டது. பயிற்சியின் ஒரு பகுதியாகச் சிகிச்சையாளர் என்னை மாடிப்படியில் ஓடவைத்தார். இதயம் வேகமாக அடிப்பதும் இறப்பதும் ஒன்றல்ல என்பதை என் உடல் அங்கேதான் கற்றது. கூடவே எடுத்துக்கொண்ட மருந்து வேலை செய்யச் சில வாரங்கள் ஆகும் என்றும், தொடக்க நாட்களில் படபடப்பு சற்றுக் கூடக்கூடும் என்றும் அவர் முன்கூட்டியே சொல்லியிருந்தார். சொல்லாமல் விட்டிருந்தால் மூன்றாம் நாளே நான் நிறுத்தியிருப்பேன்.

ஆகவே நான் உங்களிடம் கேட்பது இதுதான். படபடப்போடு வருகிறவரின் நாடியையும் கழுத்தையும் பாருங்கள். தைராய்டையும் இரத்தசோகையையும் சோதியுங்கள். காபி எவ்வளவு, மது எவ்வளவு, ஆஸ்துமாவுக்கு உறிஞ்சும் மருந்து எடுக்கிறாரா, அண்மையில் எந்த மாத்திரையை நிறுத்தினார் என்று கேளுங்கள். துடிப்பு ஒரு நொடியில் தொடங்கி ஒரு நொடியில் நிற்கிறதா என்று கேளுங்கள், ஏனெனில் ஈசிஜி எடுக்கும் நேரத்தில் அது நின்றுபோயிருக்கலாம். அதன் பிறகு, இதற்காக எதையெல்லாம் செய்யாமல் விட்டுவிட்டீர்கள் என்று கேளுங்கள். இந்தக் கடைசிக் கேள்வியை அந்த ஏழு மருத்துவர்களில் ஒருவர் கேட்டிருந்தாலும் என் நோய் அன்றே பிடிபட்டிருக்கும். நோய் என்று தெரிந்தால் அதன் பெயரைத் தயங்காமல் சொல்லுங்கள். நோய் இல்லை என்று தெரிந்தால் அதையும் சொல்லுங்கள்: இது துக்கம், இது நியாயமான கவலை, இதைத் தாங்கிக்கொள்ளும் வலு உங்களுக்கு உண்டு, ஆனாலும் ஒரு மாதம் கழித்து வந்து பாருங்கள் என்று. அதைக் கேட்டு மனம் புண்படுகிறவர்களைவிட ஆறுதல் அடைகிறவர்களே அதிகம் இருப்பார்கள் என்று நம்புகிறேன். நேரம் இல்லை என்பதை அறிவேன். முதல் நாளிலேயே எல்லாவற்றையும் முடிக்கும்படி நான் கேட்கவில்லை. முடியாத நாளில் அந்தப் பெயரை எழுதாமல், "இன்னும் பார்க்க வேண்டும்" என்று எழுதும்படிதான் கேட்கிறேன்.

ஒருமுறை எழுதிய பெயரைத் திரும்பப் பார்க்கும்படியும் கேட்கிறேன். பதற்ற நோய் உள்ள எனக்கும் ஒருநாள் மெய்யான மாரடைப்பு வரலாம்; மான்ட்ரியல் ஆய்வில் பீதிக் கோளாறு இருந்தவர்களில் கணிசமானோருக்கு ஏற்கெனவே இதயத் தமனி நோயும் இருந்தது. என் அக்காவின் தைராய்டு குணமாகி ஆறு ஆண்டுகள் ஆகின்றன. அவருடைய கோப்பின் முதல் பக்கத்தில் "பதற்றம்" என்ற சொல் இன்னும் இருக்கிறது. சென்ற மாதம் அவர் வயிற்றுவலிக்காகச் சென்றபோது, புதிதாக வந்திருந்த மருத்துவர் அதைப் படித்துவிட்டு, வயிற்றைத் தொட்டுப் பார்ப்பதற்கு முன்பே, "வீட்டில் ஏதாவது பிரச்சினையா?" என்று கேட்டாராம். அந்தச் சொல்லை நீக்கித் தரும்படி அக்கா எழுத்து மூலம் விண்ணப்பித்திருக்கிறார். இதுவரை பதில் வரவில்லை.

இப்படிக்கு,
உங்களிடம் இனியும் வரவிருக்கும் ஒரு நோயாளி